திருமலையின் மாதா கோயில்கள்

திருகோணமலைக் கத்தோலிக்க ஆலயங்களின் கதையைக் கோணேசர் மலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய சிவத்தலம் அது. கோவாவில் இருந்து இலங்கை வரலாற்றை எழுதிய யேசு சபைத் துறவி பெர்னாவோ டி குவைரோஸ், கீழை நாட்டுச் சைவர்களுக்கு இந்தத் தலம் ரோமாபுரி போன்றது என்று ஒப்பிட்டார். அவர் அப்படி எழுதியபோது கோயில் இல்லை. கொன்ஸ்தந்தீனு டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி 1622இல் அதை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624க்குள் மலை அடிவாரத்தில் கோட்டை எழுப்பிவிட்டார்.

இன்று பிரட்றிக் கோட்டை என்று நாம் அழைப்பது அந்த இடத்தைத்தான். வாசலில் நின்று பார்த்தால் இரண்டு கயல்கள் செதுக்கிய கல் ஒன்று கண்ணில் படும். பறங்கியர் கோயிலை இடிப்பர் என்று பொருள்படும் தமிழ் வரிகளும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. கத்தோலிக்கர் உட்பட எல்லோரும் அந்தக் கல்லின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். சிலுவைக் கொடியோடு வந்த ஓர் அரசு செய்த கொடுமை அதில் பதிவாகியிருக்கிறது. அதை மறைத்துவிட்டு இந்த நகரின் ஆலய வரலாற்றை எழுத முடியாது.

கோயில் இடிந்தபோது வழிபாடு இடியவில்லை. அர்ச்சகர்களும் அடியார்களும் திருவுருவங்களைக் காட்டு வழியே எடுத்துப் போய் ஒளித்து வைத்தார்கள். தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயில் எழுந்தது அதன் பின்னர்தான். மண்ணுக்குள் புதைக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. மலைமேல் புதுப்பிக்கப்பட்ட கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

போர்த்துக்கேயரின் கோட்டை வாழ்வோ பதினைந்து ஆண்டுகளே. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1639இல் திருகோணமலையைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று 1658 செப்டெம்பரில் கட்டளை பிறப்பித்தார்கள். போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் கைமாறின, சில பாழடைந்தன. அரசின் வாளோடு வந்த மதம் இப்போது அரசின் வாளுக்கு அஞ்சி ஒளிய வேண்டியதாயிற்று.

இங்கேதான் இந்த வரலாறு என் மனத்தைத் தொடுகிறது. சைவர்கள் தங்கள் தெய்வத்தை ஒளித்து வைத்த அதே மண்ணில், ஒரு தலைமுறைக்குள் கத்தோலிக்கர்கள் தங்கள் செபமாலையை ஒளித்து வைத்தார்கள். குருக்கள் இல்லை, திருப்பலி இல்லை. மூப்பரும் அண்ணாவியாரும் வீட்டுக்குள் செபம் சொல்லிக் கொடுத்தார்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். போர்த்துக்கேயர் வழிவந்து கிழக்கில் தங்கிவிட்ட பறங்கியர் குடும்பங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைப் பேசியபடியே அந்த விசுவாசத்தையும் காத்தன. கோட்டையும் பீரங்கியும் போன பிறகு மிஞ்சியது இந்த வீட்டுச் செபமே.

அந்த வீடுகளைத் தேடி 1687இல் ஒருவர் வந்தார். கோவாவைச் சேர்ந்த கொங்கணி அந்தணக் குடும்பத்தில் பிறந்த ஓரத்தோரியன் சபைக் குரு யோசேப் வாஸ். பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் கரையேறினார். பின்னர் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் கிடந்தார். அவருடைய தூய வாழ்வைக் கண்ட பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவருக்குப் பாதுகாப்பு அளித்தான். கண்டியைத் தளமாகக் கொண்டு வாஸ் அடிகளும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருமாரும் கால்நடையாகவே நாடெங்கும் போனார்கள். கிழக்குக் கரைக் கத்தோலிக்கரும் அவர்கள் கவனத்துக்கு வந்தார்கள். ஐரோப்பியக் கிறிஸ்தவ அரசு தடுத்த கத்தோலிக்க மதத்தை இலங்கையின் பௌத்த அரசன் ஒருவன் வாழ விட்டான் என்பது நம் பாடப் புத்தகங்களில் பெரிய எழுத்தில் வர வேண்டிய செய்தி. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமான வாஸ் அடிகளைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார்.

வாஸுக்குத் துணையாக 1705இல் வந்த ஜாகோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழும் சிங்களமும் கற்று இரு மொழியிலும் நூல்கள் எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் ஈழத்து ஆலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருகிறது. ஆலயம் கட்ட அனுமதி இல்லாத காலத்தில் அவர்கள் தமிழில் கட்டினார்கள்.

இதற்கிடையே துறைமுகத்துக்கான சண்டை ஓயவில்லை. 1782 சனவரியில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் அதைப் பறித்தார். பிறகு மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் நிலையாக ஆங்கிலேயர் வசமானது. 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். அதன் பிறகே ஆலயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

1852ஆம் ஆண்டைச் சேர்ந்த புனித மரியாள் பேராலயம் நகரின் நடுவே நிற்கிறது. வான்நீல நிற முகப்பு, பின்புறம் ஓடு வேய்ந்த கூரை, சுற்றிலும் மர நிழல். ஐரோப்பியப் பாணி வளைவுகள் முகப்பில் இருந்தாலும், துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் கச்சேரி எழுதுவினைஞரும் முழந்தாளிட்ட ஆலயம் இது. கல்வியும் கூடவே வந்தது. 1860களில் வேர்விட்ட புனித மரியாள் கல்லூரியும் புனித சூசையப்பர் கல்லூரியும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் வாசலைத் திறந்தன.

யாழ்ப்பாணத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருகோணமலை மறைமாவட்டத்தைப் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893 ஆகஸ்ட் 25 அன்று நிறுவினார். காலி மறைமாவட்டமும் அதே நாளில் பிறந்தது. திருகோணமலை யேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. கேரளத்தின் கோட்டயத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் லவீன் 1898இல் இங்கே முதல் ஆயரானார். அவருக்குப் பின்னும் ஆயர் பொறுப்பு வெளிநாட்டவர் கையிலேயே இருந்தது. 1974இல்தான் லியோ ராஜேந்திரம் அன்ரனி என்ற இந்நாட்டவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்பு 2012இல் தனி மறைமாவட்டமானது.

பேராலயத்தைப் பார்த்தபின் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போங்கள். ஒன்று, குவாடலூப்பே அன்னை ஆலயம். 1531இல் மெக்சிக்கோவின் தெபெயாக் குன்றில் யுவான் தியேகோ என்ற பழங்குடி ஏழைக்கு மரியாள் காட்சி தந்தார் என்பது அந்நாட்டு விசுவாசம். அங்கே வணங்கப்படும் படத்தில் அன்னை மாநிறத்தவர். வெற்றிகொள்ளப்பட்ட மக்கள் வென்றவர்களின் மதத்தைத் தங்கள் நிறத்தில் தமதாக்கிக்கொண்ட கதை அது. அந்த அன்னையின் பெயர் திருமலைத் துறைமுக நகரில் ஒலிப்பது மிகப் பொருத்தம். டிசெம்பர் 12இல், வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் நாட்களில், அவருடைய திருநாள் வருகிறது.

மற்றது பாலையூற்று லூர்து அன்னை திருத்தலம். பிரான்சின் லூர்து கெபியில் 1858இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமி கண்ட காட்சியை நினைவுகூரும் தலம் அது. நேர்த்திக்கடன் வைத்து வருபவர்களில் சைவர்களையும் காணலாம். கோணேசருக்குப் பால் பழம் கொண்டு போகும் கைகள் இங்கே மெழுகுதிரி ஏற்றுவதில் திருமலை மக்களுக்கு வியப்பு ஏதும் இல்லை. கல்லெடுத்துக் கோட்டை கட்டியவர்களால் பிரிக்க முடியாத உறவு அது.

திருமலை ஆலயங்களின் வரலாறு சொல்லும் தீர்ப்பு இதுதான்: கோயிலை இடித்து நிறுவிய ஆட்சி பதினைந்து ஆண்டில் அழிந்தது, ஒளிந்து செபித்த ஏழைகளின் விசுவாசம் நான்காம் நூற்றாண்டை எட்டி நிற்கிறது. அதிகாரம் சமயத்துக்குக் காவல் அல்ல. அடுத்தவர் கோயிலை இடிக்கத் துணியும் எந்தச் சமயத்தவரும், எந்த அரசும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கோணேசரைத் தரிசிக்கப் போகும் அன்றே பேராலயத்துக்கும் போய் வாருங்கள். உங்கள் வீட்டிலோ பங்கிலோ பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும், பாட்டி வைத்திருந்த கையெழுத்துச் செபப் புத்தகங்களும், திருநாள் நோட்டீசுகளும் இருந்தால் கறையானுக்கும் கடற்காற்றுக்கும் கொடுத்துவிடாதீர்கள். படியெடுத்து மறைமாவட்டத்துக்கோ, ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள். இந்த வரலாற்றின் அடுத்த பக்கங்களை எழுத அவை தேவை.