காரணம் என்ற கட்டத்தில் கவிதை

1841 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் மனநோய் விடுதியில் 48 வயதுக்காரர் ஒருவரைச் சேர்க்கிறார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: நோய்க்கு முன்னால் கடுமையான மன உளைச்சலோ உழைப்போ இருந்ததா? ஃபென்விக் ஸ்கிரிம்ஷயர் என்ற டாக்டர் எழுதிய பதிலின் சாரம் இது: பல வருடங்களாகக் கவிதை கிறுக்குவதற்கு அடிமை. சாராயத்துக்கு அடிமை என்று எழுதுவதுபோல.

நான் சாஃப்ட்வேர் ஆள். சர்வர் படுத்துவிட்டால் நாங்களும் படிவம் நிரப்புவோம். அதில் 'ரூட் காஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. கண்ணில் முதலில் பட்டதை அதில் போட்டுவிட்டு டிக்கெட்டை மூடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்கிரிம்ஷயர் செய்ததும் அதுதான் என்று தோன்றுகிறது.

சேர்க்கப்பட்டவர் ஜான் கிளேர். ஹெல்ப்ஸ்டன் கிராமத்து விவசாயக் கூலி. அந்தக் கட்டத்தில் எழுத வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. அவர் ஆடு மேய்த்துத் திரிந்த பொதுநிலம் 1809-ல் வந்த ஒரு சட்டத்தால் வேலி போடப்பட்டுத் தனியார் கைக்குப் போனது. நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கை ஒரே நாளில் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1820-ல் முதல் புத்தகம் வந்தது. கீட்ஸைப் பதிப்பித்த அதே ஜான் டெய்லர்தான் பதிப்பாளர். 'குடியானவக் கவிஞர்' என்று லண்டன் அவரை வேடிக்கை பார்த்தது. 1827-ல் வந்த மூன்றாவது புத்தகம் விற்கவில்லை. அதற்குள் லண்டனுக்கு அலுத்துவிட்டது. வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள், கடன். இதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது, கவிதை ஒரு வரியில் அடங்கிவிடும்.

அதற்கு முன்பே, 1837-லிருந்து, எப்பிங் காட்டருகே இன்னொரு விடுதியில் இருந்தார். 1841 ஜூலையில் அங்கிருந்து நழுவி ஏறக்குறைய 80 மைல், நாலு நாள், கையில் காசில்லாமல் ஊருக்கு நடந்தார். வந்து சேர்ந்ததும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த நடையை எழுதி வைத்தது. காலையில் திசை தப்பக்கூடாது என்று தலையை வடக்கே வைத்துப் படுத்தது, பசி தாங்காமல் சாலையோரப் புல்லைத் தின்றது, அது ரொட்டி மாதிரி ருசித்தது, எல்லாம் அதில் இருக்கிறது. அதை அவர் எழுதுவது மேரி என்ற தன் மனைவிக்கு. மேரி அவர் மனைவி இல்லை. சிறுவயதுக் காதலி, இறந்து மூன்று வருடமாகியிருந்தது. உண்மையான மனைவி பேட்டி வண்டியோடு எதிரே வந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை. லாஜிக் துல்லியம், இன்புட் ஒன்று மட்டும் தப்பு. நோயும் எழுத்தும் இப்படி ஒரே தாளில், ஒன்றையொன்று விரட்டாமல் உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இன்றைய நோய்ப்பெயர் எதையும் அவர்மேல் ஒட்டப் போவதில்லை. எழுத்து அவரைக் குணமாக்கவும் இல்லை. நார்தாம்ப்டனில் 22 வருடம் இருந்தார். சில நாள் தன்னை பைரன் என்றார், சில நாள் குத்துச்சண்டை வீரன் என்றார். ஊருக்குள் போய்வர அனுமதி இருந்தது. ஆல் செயின்ட்ஸ் தேவாலய வாசலில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குப் புகையிலைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார். 1845-ல் வில்லியம் நைட் என்பவர் விடுதியின் நிர்வாக வேலைக்கு வருகிறார். கிளேர் எழுதிய தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாகத் தன் கையால் பிரதி எடுக்க ஆரம்பிக்கிறார். அந்தப் பிரதிகளில் 800-க்கும் அதிகமான கவிதைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மூலத்தாளே இன்று கிடையாது. நைட்டின் கையெழுத்துதான் மிச்சம்.

"மனசு சரியில்லையா, எழுதுங்க, லேசாகும்" என்று இன்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், பைபோலாருக்கு மாத்திரை எடுப்பவள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியதை எனக்கு அனுப்புவாள். ஒருமுறை கேட்டேன்: "எழுதினா நிஜமாவே லேசாகுதா?" "இல்லடா. நீ படிச்சுட்டேன்னு சொல்றப்போதான் அது நடந்த மாதிரி இருக்கு" என்றாள். நைட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பதில் ஞாபகம் வருகிறது. பித்தும் மேதைமையும் ஒட்டிப் பிறந்தவை என்று சிலாகிக்கிறவர்கள் கிளேரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். நைட்டின் பெயர் அவர்கள் வாயில் வருவதில்லை.

1850-ல் நைட் வேறு வேலை கிடைத்து பர்மிங்ஹாம் போனார். பிறகும் சிலர் பிரதி எடுத்தார்கள், ஆனால் கவிதைகள் குறைந்துகொண்டே வந்தன. 1860-ல் பார்க்க வந்த ஓர் எழுத்தாளரிடம் கிளேர் புகார் சொல்கிறார்: என் தலையை வெட்டி, உயிரெழுத்து மெய்யெழுத்து எல்லாவற்றையும் காது வழியாக உருவி எடுத்துவிட்டார்கள், எடுத்துவிட்டுக் கவிதை எழுது என்கிறார்கள், எப்படி முடியும்?

1864 மே மாதம் இறந்தார். அதற்குச் சற்று முன்னால் கடைசியாக ஒரு சின்னக் கவிதை எழுதியிருக்கிறார், பறவைக் கூடுகளைப் பற்றி.