ஷோரூமில் ஒரே ஒரு ஓ.டி.பி... சிபில் ரிப்போர்ட்டில் அஞ்சு என்கொயரி! கார் லோனுக்கு முன்னாடி இதைப் படிங்க

நண்பர் ஒருவர் போன ஆயுத பூஜை சமயத்தில் முதல் கார் வாங்கக் கிளம்பினார். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் முடிந்து வந்ததும் காபி கொடுத்து உட்கார வைத்தார்கள். "ஃபைனான்ஸ் பத்தி கவலையே படாதீங்க சார். பான், ஆதார், மூணு மாச சேலரி ஸ்லிப் வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஒரு ஓ.டி.பி வரும், சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்றார் எக்ஸிகியூட்டிவ். நண்பரும் சொல்லிவிட்டார்.

அடுத்த நாலு நாளில் அவர் போனுக்கு வரிசையாக மெசேஜ்கள். 'உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் பார்க்கப்பட்டது' என்று மொத்தம் அஞ்சு. இதற்கிடையில், சம்பளம் வரும் தன் பேங்க்கில் வட்டி குறைவாகக் கிடைக்குமா என்று கேட்கப் போனார். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஒரே வாரத்துல அஞ்சு இடத்துல லோன் கேட்டிருக்கீங்களே, எங்கயுமே கிடைக்கலையா?"

நண்பர் கார் வாங்க ஆசைப்பட்டது ஒரே ஒரு தடவைதான். ஆனால், ரிப்போர்ட்டில் அவர் அஞ்சு பேரிடம் கடன் கேட்டு அலைந்தவராகத் தெரிந்தார். இது அவருக்கு மட்டும் நடக்கும் கதை இல்லை. அதனால், லோனுக்கு அப்ளை பண்ணும்போது பின்னணியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

என்கொயரின்னா என்ன?

நாம் வாங்கிய கடன், கிரெடிட் கார்டு, கட்டிய இ.எம்.ஐ எல்லாவற்றையும் பதிவு செய்யும் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹை மார்க். நாலும் தனித்தனியாக ஸ்கோர் கொடுத்தாலும், பேச்சுவழக்கில் எல்லாமே 'சிபில் ஸ்கோர்'தான். சிபில் ஸ்கோர் 300-ல் ஆரம்பித்து 900 வரை போகும்.

நீங்க லோனுக்கு அப்ளை பண்ணியதும், அந்த பேங்க் இந்த நிறுவனங்களிடம் உங்க ரிப்போர்ட்டைக் கேட்கும். அப்படிக் கேட்டதும் ரிப்போர்ட்டில் பதிவாகிவிடும். எந்த நிறுவனம் கேட்டது, எந்தத் தேதியில், எந்த வகைக் கடனுக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். இதுதான் 'ஹார்ட் என்கொயரி'. இது ஸ்கோரைப் பாதிக்கும்.

இன்னொரு வகை 'சாஃப்ட் என்கொயரி'. உங்க ஸ்கோரை நீங்களே பார்ப்பதும், 'உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு லோன் ரெடி' என்று அனுப்புவதற்காக பேங்க் தானாகப் பார்ப்பதும் இதில் வரும். இதனால் ஸ்கோர் குறையாது. 'அடிக்கடி சிபில் பார்த்தா ஸ்கோர் குறைஞ்சிடும்' என்று பயப்படுகிறவர்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். ப்ரீ-அப்ரூவ்டு மெசேஜ் வருவது சாஃப்ட். அதில் இருக்கும் 'அப்ளை நவ்' பட்டனைத் தட்டி ஓ.டி.பி கொடுத்தால், அது ஹார்ட் ஆகிவிடும். லோன் ஆப்களில் சும்மா 'எலிஜிபிலிட்டி' பார்க்கும்போதும், டிக் பண்ணச் சொல்லும் அந்தக் குட்டி எழுத்துகளைப் படித்துவிட்டு டிக் பண்ணுங்க.

ஸ்கோர் எவ்வளவு குறையும்?

'ஒரு என்கொயரிக்கு இத்தனை பாயின்ட் போயிடும்' என்று ரீல்ஸில் அடித்துச் சொல்வார்கள். ஸ்கோர் போடும் முழு ஃபார்முலாவை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. ஒன்றிரண்டு என்கொயரியால் சின்ன சரிவுதான் இருக்கும், இ.எம்.ஐ ஒழுங்காகக் கட்டினால் சில மாதங்களில் சரியாகிவிடும். ஸ்கோரைப் பெரிதாக அடிப்பது கட்டாமல் விட்ட தவணையும், லிமிட் வரை தேய்த்த கிரெடிட் கார்டும்தான்.

பிரச்னை, குறுகிய காலத்தில் வரிசையாக விழும் என்கொயரிகள். உங்க விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதா, நீங்களே வேண்டாம் என்று விட்டீர்களா என்பது ரிப்போர்ட்டில் இருக்காது. அஞ்சு பேர் கேட்டது தெரியும். புதுசாக லோன் எதுவும் தொடங்கவில்லை என்பதும் தெரியும். அதைப் பார்க்கிற பேங்க், 'இவருக்குப் பண நெருக்கடியோ, மத்தவங்க ஏன் கொடுக்கலை?' என்றுதான் யோசிக்கும். ஸ்கோரில் நாலு பாயின்ட் குறைவதைவிட இந்தச் சந்தேகம்தான் ஆபத்து.

'45 நாளுக்குள்ள எத்தனை அப்ளை பண்ணினாலும் ஒண்ணுதான்' - உண்மையா?

யூடியூபில் அதிகம் சுற்றும் டிப்ஸ் இது. உண்மைதான், ஆனால் அமெரிக்காவில். அங்கே ஃபைகோ ஸ்கோரில், கார் லோனுக்காகக் குறிப்பிட்ட நாள்களுக்குள் வரும் பல என்கொயரிகளை ஒன்றாகக் கணக்கிடுவார்கள். பழைய ஃபார்முலாவில் 14 நாள், புதியதில் 45 நாள். அந்த வீடியோவை நம்பி இங்கே நாலு இடத்தில் அப்ளை பண்ணிவிடாதீங்க. நம்ம ஊர் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு என்கொயரியும் தனித்தனி வரியாக நிற்கும்.

ஷோரூமில் என்ன நடக்குது?

பெரும்பாலான ஷோரூம்கள் பல பேங்க்குகளுடனும் ஃபைனான்ஸ் கம்பெனிகளுடனும் தொடர்பில் இருக்கும். உங்க ஃபைலை ஒரு பேங்க்கில் கொடுப்பதை 'லாகின்' என்பார்கள். ஒரு இடத்தில் இழுத்தடித்தால் இன்னொன்று ரெடியாக இருக்கட்டும் என்று ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் லாகின் பண்ணுவதும் நடக்கிறது. வண்டி சீக்கிரம் டெலிவரி ஆனால் அவர்களுக்கு டார்கெட் முடியும். என்கொயரி ஏறுவதோ உங்க ரிப்போர்ட்டில்.

வட்டியில எவ்வளவு வித்தியாசம் வரும்?

7 லட்சம் ரூபாய் லோன், 5 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9% என்றால் இ.எம்.ஐ சுமார் 14,530 ரூபாய். அதுவே 11% என்றால் சுமார் 15,220 ரூபாய். மாதம் 690 ரூபாய்தானே என்று தோன்றும். 60 மாதத்துக்குக் கூட்டினால் 41,000 ரூபாய்க்கு மேல்! முதல் வருஷ இன்ஷூரன்ஸ் காசு அதில் வந்துவிடும். ஸ்கோர் நல்லா இருந்தால், வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் தைரியமும் உங்களிடம் இருக்கும்.

அப்ளை பண்ணும் முன் இதைச் செய்யுங்க

1. கார் பார்க்கப் போவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே உங்க ரிப்போர்ட்டைப் பாருங்க. நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி.

2. அந்த மாதங்களில் புது கிரெடிட் கார்டு, போனுக்கு இ.எம்.ஐ, 'பே லேட்டர்' எதற்கும் கை வைக்காதீங்க. கார்டு பாக்கி அதிகமாக இருந்தால் குறையுங்க. 2025 ஜனவரியில் பேங்க்குகள் 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் விதி வந்ததிலிருந்து, நீங்க கட்டியது முன்பைவிட வேகமாக ரிப்போர்ட்டில் தெரியும்.

3. வட்டியை ஒப்பிட அப்ளை பண்ணத் தேவையில்லை, வாயால் கேட்டாலே போதும். வட்டி எவ்வளவு, ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? நாலு இடத்தில் இந்த மூன்றையும் கேளுங்க. பான் நம்பரும் ஓ.டி.பி-யும் இப்போதைக்கு வேண்டாம்.

4. முதல் விண்ணப்பம், உங்க சம்பள அக்கவுன்ட் இருக்கும் பேங்க்கில் இருக்கட்டும். அவர்களுக்கு உங்க வரவு செலவு ஏற்கெனவே தெரியும்.

5. ஷோரூம் மூலமாகத்தான் லோன் என்றால், "எந்த பேங்க்ல லாகின் பண்றீங்கன்னு சொல்லுங்க. அதைத் தவிர வேற எங்கயும் என்னைக் கேக்காம பண்ணாதீங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க. வாயால் சொன்னதை மறந்துவிடலாம், மெசேஜ் அப்படியே இருக்கும்.

6. ஒரு இடத்தில் 'நோ' சொன்னால், அன்றைக்கே அடுத்த பேங்க்குக்கு ஓடாதீங்க. காரணத்தைக் கேளுங்க. அதைச் சரிபண்ணிவிட்டு, சில மாதம் கழித்துப் போங்க.

நீங்க பண்ணாத என்கொயரி இருந்தா?

ரிப்போர்ட்டில் தெரியாத பேங்க் பெயர் இருந்தால் சும்மா விடாதீங்க. யாராவது உங்க பான் கார்டைப் பயன்படுத்தியிருக்கலாம். அந்தக் கிரெடிட் நிறுவனத்தின் வெப்சைட்டிலேயே இலவசமாகப் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன்பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படியும் சரியாகவில்லை என்றால் ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

'உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் பார்க்கப்பட்டது' என்ற எஸ்.எம்.எஸ்-ஐ விளம்பரம் என்று நினைத்து டெலீட் பண்ணிடாதீங்க. ஃபைல் எங்கெல்லாம் போகிறது என்று உங்களுக்குச் சொல்வது அந்த ஒரு மெசேஜ்தான்.

நண்பர் என்ன ஆனார்? அந்த ஆயுத பூஜைக்குப் புது வண்டி வரவில்லை. எந்த லோனுக்கும் போகாமல், கார்டு பாக்கியை அடைத்துவிட்டு ஆறு மாதம் பொறுத்தார். பிறகு அதே மேனேஜரிடம் போய், அந்த ஒரே இடத்தில் அப்ளை பண்ணி கார் எடுத்தார். "பூஜைக்கு வண்டி வரலைன்னு அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனா, இப்ப யாராச்சும் ஓ.டி.பி சொல்லுங்க சார்னா, 'எதுக்கு?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் சொல்றேன்" என்கிறார்.