அணியும் பணியும்: ஆங்கிலேயக் குதிரைக் காட்சி மரபின் வரலாறு

குதிரை தமிழிலக்கியத்திற்குப் புதிய உயிரன்று. கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கென்றே ‘குதிரை மறம்’ எனும் துறையொன்றைப் புறத்திணை வகுத்து வைத்திருக்கிறது. ஆயினும், குதிரையையும் அதன்மேல் அமர்வோரையும் எவ்வாறு அணிசெய்து அவைமுன் நிறுத்த வேண்டும் என்பதை ஒரு தனி இலக்கணமாகவே வளர்த்த நாடு இங்கிலாந்து. அந்த இலக்கணம் எங்குப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எங்கு நெறி பிறழ்ந்தது, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அணியிலக்கணம் பயின்ற கவிஞர்களுக்கு இவ்வரலாற்றில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

காட்சிப் போட்டியின் இயல்பு

குதிரைக் காட்சிப் போட்டி என்பது ஓட்டப் பந்தயமன்று. தடை தாண்டும் போட்டியுமன்று. பல குதிரைகள் ஏறுவோருடன் ஒரே வளாகத்துள் நுழைந்து, நடை, பெருநடை, மென்பாய்ச்சல், நாற்காற்பாய்ச்சல் எனப் பலவகை நடைகளைக் காட்டும். பின்னர் வரிசையாக நிற்கும். பெருங்குதிரை வகுப்புகள் பலவற்றில் நடுவரே ஒவ்வொரு குதிரைமீதும் ஏறிச் செலுத்திப் பார்ப்பார். இறுதியில் சேணத்தைக் கழற்றிவிட்டு, குதிரையின் உடலமைப்பை எலும்பும் தசையுமாக ஆராய்வார். எனவே ஏறுவோர் பூட்டும் சேணம் தமக்கு மட்டுமன்றி, முன்பின் அறியாத நடுவர்க்கும் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். ஒப்பனையின் முதல் விதியே பிறர்க்குப் பயன்படுதல் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இம்மரபின் வேர் வேளாண்மைக் கண்காட்சிகளில் உள்ளது. 1838இல் தோன்றிய இங்கிலாந்து வேளாண்மைக் கழகம் 1839இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் தன் முதற் கண்காட்சியை நடத்தியது. உழவுக்கும் ஊர்திக்கும் போருக்கும் வேட்டைக்கும் நல்ல குதிரை தேவைப்பட்ட காலம் அது. நல்ல இனத்தைப் பெருக்க வேண்டுமானால், எது நல்லது என்று பலரறியக் காட்ட வேண்டும். வேட்டைக் குதிரைகளின் தரத்தை உயர்த்துவதற்கென 1885இல் ஒரு சங்கம் எழுந்தது. 1907இல் இலண்டன் ஒலிம்பியா அரங்கில் பன்னாட்டுக் குதிரைக் கண்காட்சி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1949இல், ஹாரிங்கே அரங்கில் ‘ஆண்டின் குதிரை’க் கண்காட்சி தோன்றியது. இவ்வளவில், வயலிலும் காட்டிலும் பிறந்த வழக்கங்கள் அரங்கத்தின் விதிகளாக உறுதிபெற்றன.

வேட்டைக் களம் தந்த உடை

காட்சிப் போட்டியின் உடைவிதிகளுட் பெரும்பாலானவை நரிவேட்டைக் களத்தில் பிறந்தவை. ‘ஹண்டர்’ எனப்படும் வேட்டைக் குதிரை நாள் முழுவதும் சேற்றிலும் வேலிகளிலும் ஆளைச் சுமந்து செல்ல வேண்டியது. ஆதலால் அதன் தோற்கருவிகள் எளியவை, அகலமானவை, உறுதியானவை. மூக்குப்பட்டை தட்டையாக அகன்றிருக்கும். நெற்றிப்பட்டையில் வண்ணம் இராது. கழுத்து மயிர் சிறு பின்னல்களாகப் பின்னி உருட்டித் தைக்கப்படும். கடிவாள வார்களிலும் ஏறுவோர் விரல்களிலும் மயிர் சிக்காதிருக்க அது உதவியது. இன்று கழுத்தின் வளைவைக் காட்ட உதவுகிறது.

ஏறுவோரின் கழுத்தில் மடித்துச் சுற்றப்படும் வெண்துணி வெறும் அழகன்று. ஆளோ குதிரையோ காயமுற்றால் கட்டுத்துணியாகவும், கை முறிந்தால் தொங்கல் கட்டாகவும் அது பயன்பட்டது. அதனை இறுக்கும் ஊசியைக் கிடைமட்டமாகவே குத்த வேண்டும் என்பது விதி. வீழ்ந்தால் ஊசிமுனை தொண்டையில் பாயாதிருக்க அவ்வாறு வகுத்தனர்.

வேட்டையின் முறையான பருவம் தொடங்குமுன் அணியும் எளிய உடைக்கு ‘எலிபிடிப்போன் உடை’ எனப் பொருள்படும் விளையாட்டுப் பெயர் ஒன்று வழங்கிற்று. ‘டுவீட்’ எனும் முரட்டுக் கம்பளிச் சட்டையும், மங்கிய நிறக் காற்சட்டையும், வட்டத் தொப்பியும் அதன் உறுப்புகள். வேட்டைக் குதிரை வகுப்பினர் பகற்போட்டிகளில் இன்றும் இவ்வுடையையே அணிகின்றனர். சிவப்புச் சட்டையும் உயர்ந்த பட்டுத் தொப்பியும் இறுதிச் சுற்றுகளின் விழாக்கோலத்திற்கு உரியன. செந்நிறமான அச்சட்டையை ஆங்கிலேயர் ‘பிங்க்’ என்பர். அப்பெயருடைய தையற்காரர் ஒருவர் தைத்ததால் வந்த பெயர் என்று கதை சொல்வர், அதற்குச் சான்றில்லை. கதை இனிதாயினும் வரலாறு சான்றையே கேட்கும்.

‘பவுலர்’ எனப்படும் அவ்வட்டத் தொப்பியின் பிறப்பு இன்னும் சுவையானது. 1849இல் எட்வர்டு கோக் என்பார், குதிரைமீது செல்லும் தம் காட்டுக்காவலர்களின் தலையைத் தாழ்ந்த கிளைகள் தாக்காதிருக்க வன்மையான தொப்பி ஒன்று வேண்டுமென இலண்டனின் ‘லாக்’ கடையில் சொல்லிச் செய்வித்தார். அவர் அதனைத் தரையில் வைத்து மிதித்துப் பார்த்தே வாங்கினார் என்பது வழிவழிச் செய்தி. பிற்காலத்தில் கனவான்களின் அடையாளமாகிய அத்தொப்பி, பிறந்தபோது ஒரு தலைக்காப்பே.

பூங்காவும் புல்வெளியும்

வேட்டைக் களத்திற்கு எதிர்முனையில் நிற்பது ‘ஹேக்’ எனும் மெல்லிய குதிரை. இதன் பிறப்பிடம் இலண்டனின் ஹைடு பூங்கா. மூன்றாம் வில்லியம் மன்னர் கென்சிங்டன் அரண்மனைக்குச் செல்லும் வழியை 1690ஆம் ஆண்டளவில் 300 எண்ணெய் விளக்குகளால் ஒளிபெறச் செய்தார். ‘அரசன் வழி’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடர் திரிந்து ‘ராட்டன் ரோ’ ஆயிற்று என்பர். அவ்வழியில் செல்வர் காண்பதற்கும் காணப்படுவதற்கும் குதிரையேறினர். எனவே ஹேக் குதிரைக்கு அழகே தொழில். அதன் நெற்றிப்பட்டையில் வண்ண நாடாவோ வெல்வெட்டோ பொலியும். தோல்வார்கள் மெல்லியனவாக இருக்கும். பின்தொடை மயிரைச் சீப்பால் எதிரெதிராக வாரிச் சதுரங்கக் கட்டங்கள் இடுவர். 148 சென்டிமீட்டருக்கு மேல் 160 சென்டிமீட்டருக்கு மிகாத உயரம் இவ்வகுப்பின் எல்லை.

‘காப்’ என்பது குட்டையான கால்களும் திரண்ட உடலும் கொண்டது. முதியவரையும் பருத்தவரையும் பதற்றமின்றிச் சுமப்பது. இதன் கழுத்து மயிரைப் பின்னுவதில்லை, முற்றும் மழித்துவிடுவர். எளிய தோற்கருவி, டுவீட் சட்டை, பவுலர் தொப்பி என அனைத்தும் உழைப்பாளியின் கோலம்.

மலைப்பகுதிகளிலும் தரிசு மேடுகளிலும் வளர்ந்த நாட்டுக் குறுங்குதிரைகளுக்கோ விதி நேர்மாறானது. பின்னல் கூடாது, பிடரியும் வாலும் இயற்கையாகத் தொங்க வேண்டும், வண்ணப் பட்டை கூடாது. மழையையும் பனியையும் தாங்குதற்கு இயற்கை அளித்த மயிரே அவற்றின் அணி. ஒன்றிற்கு அழகாவது மற்றொன்றிற்குப் பிழை. குறிஞ்சிக்குரிய கருப்பொருளை நெய்தலில் வைத்தால் திணை மயங்கும் என்பதை அறிந்த நமக்கு இவ்விதி எளிதில் விளங்கும்.

இவ்வுடை மரபில் இந்தியாவின் பங்கும் ஒன்றுண்டு. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்கு ஜோத்பூரின் சர் பிரதாப் சிங் இங்கிலாந்து சென்றார். தொடையில் தளர்ந்து முழங்காலின்கீழ் இறுகிய அவர்தம் காற்சட்டை அங்குப் பரவி, ‘ஜோத்பூர்’ என்ற ஊர்ப்பெயராலேயே வழங்கலாயிற்று. குறுங்குதிரை ஏறிப் போட்டிக்கு வரும் ஆங்கிலச் சிறுவர் சிறுமியர் இன்றும் அணிவது இராஜஸ்தானம் தந்த அப்பெயரைத்தான்.

பெண்டிரின் பக்கச் சேணம்

இருகாலும் ஒருபுறமாக அமர்ந்து செலுத்தும் பக்கச் சேணம், பெண்கள்மீது சமுதாயம் ஏற்றிய கட்டுப்பாடு. அதில் பிடிப்பில்லாத பெண் நடையன்றி வேகம் அறியாள். 1830களில் இடத்தொடையின்மேல் வளைந்து பிடிக்கும் இரண்டாம் கொம்பு சேணத்தில் சேர்க்கப்பட்டபின், பெண்களும் வேலி தாண்டி வேட்டைக்குச் செல்ல இயன்றது. ஆனால் நீண்ட பாவாடை சேணக் கொம்பில் சிக்க, வீழ்ந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் கொடுமை நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குத் தீர்வு கண்டனர். பாவாடை, முன்புறம் மட்டும் மறைக்கும் ஒரு விரிப்பாக மாறிற்று. காண்போர்க்கு முழுப் பாவாடையின் தோற்றம், வீழ்வோர்க்கு விடுதலை. இன்று பக்கச் சேண வகுப்பில் காணும் அழகிய உடை, உயிர்களைப் பலிகொண்ட பழைய உடையின் திருத்தம் ஆகும். இச்சேணக் கலை அழியாதிருக்க 1974இல் பிரிட்டனில் தனிச் சங்கமே அமைந்தது.

அணி கொடுமையானபோது

எல்லா வழக்கமும் இவ்வாறு நன்மையில் முடிந்ததில்லை. வண்டிக் குதிரையின் தலையை எப்போதும் நிமிர்த்தே வைக்கும் இறுக்குவார் செல்வரிடையே நாகரிகமாயிற்று. மேட்டில் சுமை இழுக்கும்போது தலையைத் தாழ்த்தவேண்டிய குதிரை, தாழ்த்த முடியாமல் மூச்சுத் திணறியது. மற்றொரு வழக்கம் வாலறுத்தல். தோகை மயிரை மட்டுமன்று, உள்ளெலும்பையே துண்டித்தனர். வண்டியின் வாரில் வால் சிக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் வாரில் சிக்க வாய்ப்பே இல்லாத ஏற்றக் குதிரையான காப்பும் வாலிழந்தது. மழித்த பிடரிக்கு மொட்டைவால் பொருத்தம் என்று கண்கள் பழகிவிட்டன. ஈயோட்ட வாலின்றி அவ்வுயிர் வாழ்நாள் முழுதும் துன்புற்றது.

இக்கொடுமைகளை எதிர்த்து எழுந்த குரல்களுட் பெரியது ஓர் இலக்கியத்தின் குரல் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். நடக்க இயலா நோயுற்றிருந்த ஆனா ஸ்யூவல் அம்மையார் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ 1877இல் வெளிவந்தது. குதிரையே தன் கதை கூறும் அந்நூல் இறுக்குவாரையும் வாலறுத்தலையும் மக்கள் மனச்சான்றின்முன் நிறுத்திற்று. ஆசிரியர் அடுத்த ஆண்டே மறைந்தார், நூல் மறையவில்லை. வாலறுத்தலைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1949இல்தான் வந்தது. நூலுக்கும் சட்டத்திற்கும் இடையே 72 ஆண்டுகள். எழுத்து உடனே பயன் தரவில்லை என்று சோர்வோர் இக்கணக்கை எண்ணிப் பார்க்கலாம். இன்று காப் குதிரை மழித்த பிடரியோடும் முழு வாலோடும் அரங்கிற்குள் வருகிறது. அக்கோலத்தைப் பொருந்தாதது என்று எவரும் கூறுவதில்லை. அழகென்று கண் கொள்வது பெரிதும் பழக்கமே.

திருத்தம் இன்னும் முடியவில்லை. முகவாய் நுனியின் நீண்ட உணர்மயிரை அழகின் பொருட்டு மழிப்பது நெடுநாள் வழக்கம். தன் மூக்கின் நேர்முன் உள்ளதைக் குதிரையின் கண் காணாது. அம்மயிரே அங்கு அதற்கு விழி. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் அதனை மழிப்பதை 2021இல் தடைசெய்தது. அதே ஆண்டில் உயர்நிலைக் குதிரைப் பயிற்சிப் போட்டிகளில் பட்டுத் தொப்பியை நீக்கித் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆங்கிலேயக் காட்சி வகுப்புகள் அக்கூட்டமைப்பின் ஆட்சிக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் இளையோர் வகுப்புகளில் நாடிப்பட்டையுடன் கூடிய கவசம் அங்கும் விதியாகிவிட்டது. 1849இல் தலைகாக்கப் பிறந்த தொப்பி, தன்னினும் நன்றாகத் தலைகாப்பதற்கு இடம் விடுகிறது. இதனை மரபின் அழிவென்று கூறுவோர் உளர். மரபு தன் பிறப்பை நினைவுகூர்வதே இது என்பேன்.

முடிப்பு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. வேட்டை போயிற்று, வேட்டைக் குதிரை வகுப்பும் அதன் உடையும் நிலைத்திருக்கின்றன. தொழில் மறைந்தபின் வடிவம் மட்டும் எஞ்சும்போது, அதைக் காப்பவர்க்குப் பொறுப்பு மிகுகிறது. இப்பின்னல் எதற்கு, இவ்வூசி ஏன் கிடைமட்டம் என்று கேட்டறிந்து காப்பவர் கையில் வடிவம் உயிரோடிருக்கும். கேளாமல் காப்பவர் கையில் அது வாலறுத்தலாகவும் முடியும்.

தமிழில் ‘பணி’ எனும் ஒரே சொல் தொழிலையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். ஆங்கிலேயர் அரங்குகளில் நூற்றாண்டுகள் கழித்துக் கற்ற பாடத்தை நம் மொழி ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறது. எதுகையும் மோனையும் உவமையும் உருவகமும் பாட்டுக்கு நாம் பூட்டும் அணிகள். அவை பாட்டைச் சுமந்து செல்கின்றனவா, அன்றிப் பாட்டின் தலையை நிமிர்த்திக் கட்டி மூச்சடைக்கின்றனவா என்று பத்தாண்டு நிறைவில் நாம் ஒவ்வொருவரும் நம் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது நன்று.