கடல் தாண்டிய நம்மவரும் திரும்பி வரும் வழியும்

 

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நம் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. நம்மில் பெரும்பாலோர் கடல் தாண்டி வந்த குடும்பங்களின் வாரிசுகள். ஆகவே இந்தப் பழமொழியின் பொருளை யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் அதற்கு அப்பாலும் வேலை தேடிப் போகிறார்கள். பெரியவர்கள் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் யாத்திரை போய் வருகிறார்கள். கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கிவிடலாம். பயணம் சுலபமாகிவிட்டது. ஆனால் ஆபத்து நீங்கிவிட்டதா?

இந்தக் கேள்விக்கு நம் சொந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அதை இச்சிறு கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாகப்பட்டினமும் பினாங்கும்

19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கப்பல் செலவு அவர்கள் தலைமேல் கடனாக நின்றது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது, ஓடினால் தண்டனை. இந்த ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது.

அதற்குப் பின் பெருவழியாக இருந்தது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவார். உறவுக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வருவார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் உண்டு. ஆகையால் அவர் பேச்சில் மலாயா எப்போதும் சொர்க்க பூமியாகவே இருந்தது. "வாப்பா, நான் இருக்கேன்ல" என்ற ஒரு வார்த்தையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டின.

ஆனாலும் இந்தக் காலத்தில் சில காவல்களும் வந்து சேர்ந்தன. 1907இல் இந்தியர் குடியேற்றக் குழு அமைந்தது. தோட்ட முதலாளிகளிடமிருந்து பணம் வசூலித்து ஒரு நிதி ஏற்படுத்தி, கப்பல் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள். 1922இல் இந்தியாவில் வெளிநாடு செல்வோர்க்கான சட்டம் வந்தது. புறப்படுகிறவர் ஊரில் கிராம முன்சீப்பின் கையெழுத்து வேண்டும். சென்னைக்கு அருகில் ஆவடியிலும், நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கே வைத்தியர் பார்ப்பார்; அம்மை குத்துவார்கள்; பெயரை ஏட்டில் பதிவார்கள். ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம். பினாங்கு வந்தால் புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம். அதன்பின் தான் தோட்டம். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களும் உண்டு. 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய துறைமுகம்தான் அது.

1923இல் வந்த தொழிலாளர் சட்டம், வந்து இறங்குகிறவர் தலையில் கப்பல் கடன் இருக்கக்கூடாது என்றது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு விலகலாம் என்றும் சொன்னது. வாசகர்களே, இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். சட்டம் தாளில் இருந்தது. அந்தத் தாளை வாசிக்கத் தெரியாதவனுக்கு அதனால் என்ன பயன்? தன்னுடைய உரிமை இன்னது என்று தெரியாதவன், கங்காணி சொன்னதையே சட்டம் என்று நம்பிக் கிடந்தான்.

1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை படுத்துவிட்டது. வேலை இழந்த இந்தியத் தொழிலாளர்கள், சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அந்த நிதியின் செலவிலேயே இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெறுங்கையோடு திரும்பியது வேதனைதான். இருந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. கேட்க ஓர் அலுவலகம் இருந்தது. பின்னர் 1938இல், இப்படி ஆள் சேர்த்து உதவிச் செலவில் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது.

சயாமுக்குப் போனவர்கள்

அடுத்த பயணத்தில் எந்தக் காவலும் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில், 1942இலும் 1943இலும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. ஆள் தேவைப்பட்டது. நல்ல சம்பளம், சாப்பாடு இலவசம், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். நமது நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் போனார்கள். சிங்கப்பூரிலிருந்து கிம்மாஸ், சிரம்பான், கோலாலம்பூர் வழியாக வடக்கே போகும் அதே தண்டவாளம்தான் அவர்களைச் சயாமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

காட்டில் மலேரியாவும் வாந்திபேதியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. மருந்து இல்லை, அரை வயிற்றுச் சோறு, ஓயாத வேலை. பல்லாயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. எத்தனை தாலி அறுந்தது, எத்தனை பிள்ளைகள் அனாதையாயின என்பதை நம் தோட்டத்துப் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும். அந்தப் பாதையில் 12,000க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க் கைதிகளும் மாண்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கும் போர் மயானத்தில் அவர்களில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. பெரும்பாலான கல்லறைகளில் பெயரும் பொறித்திருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த நம் தொழிலாளர்களுக்கு அப்படிப்பட்ட கல்லறை வரிசை கிடையாது. காரணம் என்ன? அந்தச் சிப்பாய்களின் பெயர் அவர்களுடைய படையின் பட்டியலில் இருந்தது. அதிகாரிகள் முகாமுக்குள்ளேயும் கணக்கு எழுதி மறைத்து வைத்தார்கள். நம்மவர் பெயரை அப்படி எழுதி வைக்க ஆளில்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனைத் தேடி யார் வருவார்கள்?

சிவப்புக் கார்டு

மூன்றாவது பயணம் திரும்பிப் போன பயணம். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்ய வழி இருந்தது. "இங்கேயே பொறந்து வளர்ந்தோம், நமக்கு எதுக்குத் தம்பி கார்டு?" என்று அலட்சியமாக இருந்தவர்கள் பலர். எங்கே போய் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அதைவிடப் பலர். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும் இருந்தார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் திகைத்துப் போனார்கள். பல்லாயிரம் பேர் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். அவர்களோடு போன பிள்ளைகள் பலர் அந்த நாட்டை முன்னே பின்னே பார்த்தவர்களே இல்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா', எத்தனையோ ஆயிரம் பேரை இங்கே கொண்டுவந்த கப்பல். 1973இல் ஓய்வு பெறுவதற்கு முன், அதே கப்பல் நம்மவரைத் திருப்பியும் ஏற்றிக்கொண்டு போனது. ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால் பிறந்த மண்ணே அந்நியமாகிவிட்டது.

அதே எல்லை, புதிய கங்காணி

"இதெல்லாம் பழைய கதை, வாத்தியாரே" என்று நீங்கள் சொல்லலாம். இல்லை. 2022ஆம் ஆண்டில் மலேசிய இளைஞர்கள் நூற்றுக்கணக்கானோர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் லாவோசிலும் மாட்டிக்கொண்ட செய்தியை நாம் பத்திரிகைகளில் படித்தோம். கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம்: ஆங்கிலம் தெரிந்தால் போதும், கை நிறையச் சம்பளம், விமான டிக்கெட் இலவசம். அங்கே போய் இறங்கியதும் கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, வேலி போட்ட கட்டடத்துக்குள் அடைத்து, தொலைபேசி வழியாகப் பிறரை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி உதை. 2025 பிப்ரவரியில், மியன்மாரின் மியாவாடி பகுதியில் இப்படி அடைபட்டிருந்த பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் விடுவிக்கப்பட்டுத் தாய்லாந்து எல்லைக்கு வந்தார்கள்.

மியாவாடி எங்கே இருக்கிறது தெரியுமா? அதே சயாம் பர்மா எல்லையில்தான். 80 ஆண்டுகளுக்கு முன் நம் தாத்தாமார் செத்து விழுந்த எல்லைக்கே, நம் காலத்துப் பிள்ளைகளையும் ஆசை காட்டி அழைத்துப் போயிருக்கிறார்கள். அன்று லயத்து வாசலில் வந்து பேசிய வாய், இன்று கைத்தொலைபேசியில் பேசுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

புறப்படும் முன்

போகிற வழியை எவனும் காட்டுவான். திரும்பி வரும் வழியை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு பயணங்களும் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். அதற்காக யாரும் வெளிநாடு போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டி போகத் துணிந்திராவிட்டால் இந்தப் பள்ளிக்கூடமே இங்கே இருந்திருக்காது. போங்கள், ஆனால் ஆழம் தெரிந்து காலை விடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியவை சில உண்டு. அழைக்கிறவர் யார்? முதலாளியின் பெயரும் முகவரியும் தாளில் இருக்கிறதா? போவது வேலை விசாவிலா, சுற்றுலா விசாவிலா? சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள். திரும்பி வர நினைத்தால் டிக்கெட் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிற ஏஜெண்டிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

யாத்திரை போகிறவர்களுக்கும் சில வார்த்தைகள். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகுமா என்று புறப்படுவதற்கு வெகு முன்பே பாருங்கள். கடப்பிதழ், விசா இரண்டுக்கும் நகல் எடுத்து, ஒன்றை வேறு பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், போகும் நாட்களுக்கு மேலும் சில நாட்களுக்கான மருந்தை, டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் யாராவது, "அக்கா, இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றால், முகத்தைப் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். போதைப்பொருள் என்று தெரியாமலே தூக்கிச் சென்று வெளிநாட்டுச் சிறையில் வாடுகிறவர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெயரை ஒரு பட்டியலில் விட்டுச் செல்லுங்கள். நமது வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில், வெளிநாடு செல்லும் மலேசியர்கள் பெயரைப் பதிந்துகொள்ள 'இ-கோன்சுலார்' என்ற வசதி இருக்கிறது. போகும் நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிட முகவரியை வீட்டில் கொடுங்கள். எந்தெந்த நாளில் போன் செய்வோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சயாமுக்குப் போனவர்களுக்குக் கிடைக்காத காவல் இது; நமக்கு இருந்தும் பயன்படுத்தாமல் விடலாமா?

மாணவச் செல்வங்களே, கடைசி வார்த்தை உங்களுக்கு. உங்கள் கொள்ளுத்தாத்தா வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்தார். நீங்கள் மூன்று மொழி படிக்கிறீர்கள். இன்று மேடையில் ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளை, நாளை தன் வீட்டுக்கு வரும் ஒப்பந்தத் தாளை அப்பா கையெழுத்துப் போடும் முன் வரிவரியாக வாசித்துச் சொல்ல வேண்டும். அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், "அண்ணே, திரும்பி வர வழி என்ன?" என்று துணிந்து கேட்க வேண்டும். அந்தப் படிப்புத்தான் குடும்பத்தைக் காக்கும் படிப்பு.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!