விமான மின்கம்பியின் கவசம்: ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பேரரசரையும் பெரும் போர்களையும் முதன்மைப்படுத்துதல் இயல்பு. தொழில்நுட்ப வரலாற்றிலும் இப்போக்கு உண்டு. விமானத்தின் கதையைக் கூறுவோர் இறக்கையையும் இயந்திரத்தையும் விரித்துரைப்பர். அதன் உடலினுள் நரம்புபோல ஓடும் மின்கம்பிகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறார். ஆயினும், பழைய விமானமொன்றைச் செப்பனிட்டு மீண்டும் பறக்கவிட முயல்வோர் முன்னே எழும் கடினமான வினாக்களுள் ஒன்று இக்கம்பிகளைப் பற்றியதே. இவற்றைப் பேணுவதா, மாற்றுவதா? பேணினால் உயிருக்கு ஊறு நேரலாம். மாற்றினால் வரலாற்றுச் சான்று அழியலாம். இவ்வினாவுக்கு விடை காண, மின்கம்பிகள் கவசம் அணிந்த கதையை முதலில் அறிதல் வேண்டும்.

ஜேர்மானிய அறிஞராகிய ஹேர்ட்ஸ் 1887 இல் மின்பொறியைப் பாய்ச்சி மின்காந்த அலைகளைத் தோற்றுவித்துக் காட்டினார். மார்க்கோனி அமைத்த தொடக்ககாலக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளும் மின்பொறியாலேயே இயங்கின. இனி விமான இயந்திரத்தை நோக்குவோம். அதன் சிலிண்டர்களில் எரிபொருளைப் பற்றவைப்பதும் மின்பொறியே. மக்னீற்றோ என்னும் கருவி பல்லாயிரம் வோல்ற்று அழுத்தமுள்ள மின்னை உண்டாக்கி, கம்பிவழியே பிளக்குகளுக்கு அனுப்புகின்றது. ஒவ்வொரு பொறியும் மின்காந்த அலையை எழுப்ப, அக்கம்பியே ஏரியல்போல நின்று அவ்வலையைச் சுற்றிலும் பரப்புகின்றது. எனவே, கவசமில்லாத விமான இயந்திரம் ஒவ்வொன்றும் கம்பியில்லாத் தந்தி நிலையமொன்றுக்கு ஒப்பாகும். அது பரப்புவது செய்தியன்று, வெறும் இரைச்சலே.

1910 ஓகஸ்ட் 27 ஆம் நாள் மக்கேர்டி என்பவர் நியூயோர்க் நகரை அடுத்துப் பறந்தபடியே நிலத்துக்குக் கம்பியில்லாத் தந்திச் செய்தி அனுப்பினார். விமானத்திலிருந்து அனுப்புதல் இவ்வாறு கைகூடிற்று. விமானத்தில் இருந்து கேட்டலோ அரிதாயிற்று. முதலாம் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் விழுமிடத்தை விமானிகள் தந்திமூலம் அறிவித்தனர். நிலத்திலுள்ளோர் விடை கூறுவதற்குப் பெரும்பாலும் துணிப்பட்டைகளைத் தரையில் விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1927 இல் அத்திலாந்திக் மாகடலைத் தனியே கடந்த லிண்ட்பேர்க், பாரத்தைக் குறைக்கக் கருதி வானொலிக் கருவியின்றியே சென்றார்.

இவ்விடரைத் தீர்க்கும் வழிக்கு அடிப்படை ஏற்கனவே கிடைத்திருந்தது. உலோகக் கூண்டினுள் இருப்பதை வெளியேயுள்ள மின்விசை தாக்காது என்பதை 1836 இல் பரடே நிறுவினார். அக்கூண்டை இரைச்சல் எழும் இடத்திலேயே அமைத்தால், உள்ளே பிறக்கும் அலை வெளியே பரவாது. இக்கருத்தைப் பின்பற்றி மக்னீற்றோவுக்கு உலோக உறையும், கம்பிகளுக்குப் பின்னிய உலோக வலையும், பிளக்குகளுக்குக் கவசமும் அமைக்கப்பட்டன. இக்கவசம் ஓரிடத்திலும் விடுபடாமல், இயந்திர உடலோடு இறுகப் பொருந்துதல் இன்றியமையாதது. ஒரு விரலளவு இடைவெளியும் இரைச்சலுக்கு வாயிலாகும். மரமும் துணியும் கொண்ட விமானங்களில், தனித்தனியே கிடக்கும் உலோகப் பாகங்களையும் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும்.

அமெரிக்கத் தரநிலைப் பணியகத்தார் 1920 களின் இறுதியில் இத்துறையில் ஆராய்ச்சி நடத்தினர். 1929 செப்டெம்பர் 24 ஆம் நாள் டூலிற்றில் என்னும் விமானி, மூடிய திரையினுள் அமர்ந்து, வெளியே எதனையும் காணாமல், கருவிகளையும் வானொலிக் கற்றையையும் மட்டுமே நம்பி எழுந்து, பறந்து, இறங்கினார். வானொலியே விமானியின் கண்ணாகிய பின்னர், அதனுள் இரைச்சல் புகாது காத்தல் வசதிக்குரிய செயலன்று, உயிர்காக்கும் செயலாயிற்று.

இதன் பயனை நம் நாடும் கண்டது. 1942 ஏப்பிரில் 4 ஆம் நாள் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலீனா விமானமொன்று, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டது. அதன் தலைவராகிய கனேடியர் பேர்ச்சலும் குழுவினரும், தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் வானொலிமூலம் அச்செய்தியை அறிவித்தனர். மறுநாள் தாக்குதல் வந்தபோது, அது வருமென்பதைக் கொழும்பு முன்னரே அறிந்திருந்தது. கற்றலீனாவின் இயந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் சிலிண்டர்கள் 14. சிலிண்டருக்குப் பிளக்குகள் இரண்டு. ஆக 56 பிளக்குகள் இடைவிடாது பொறி சிந்தும் விமானத்தில் வானொலி பயன்பட்டதெனின், அதற்குக் கவசமிட்ட கம்பிகளும் ஒரு காரணமாம்.

இனிச் செப்பனிடுவோரின் பணிக்கு வருவோம். அக்காலக் கம்பிகளுக்குக் காவலியாக அமைந்தவை றப்பரும் அதன்மேற் பின்னிய பருத்தி நூலுமாகும். வெப்பம், எண்ணெய், உயரழுத்த மின்னால் உண்டாகும் ஓசோன் ஆகியவற்றால் றப்பர் இறுகி வெடிக்கும். உலோக வலையினுள் மறைந்திருப்பதால் இக்கேடு கண்ணுக்குப் புலப்படாது. மேலும், உயரே காற்று மெலிவதால், நலிந்த காவலியைக் கடந்து மின் எளிதில் கவசத்துக்குத் தாவும். தரையில் ஒழுங்காக இயங்கும் இயந்திரம் வானில் தடுமாறும்.

கம்பிகளை எவ்வழியே கொண்டுசெல்வது என்பதும் சிந்தனைக்குரியது. திசைகாட்டியின் அருகே செல்லும் மின்னோட்டம் அதன் ஊசியை விலக்கும். ஆதலின், போகும் கம்பியையும் மீளும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கியே செலுத்துவர். மக்னீற்றோவை நிறுத்தும் ஆளிக்குச் செல்லும் கம்பி இன்னும் நுட்பமானது. பொதுவாக ஒரு கம்பி அறுந்தால் அதனோடு தொடர்ந்த கருவி நின்றுவிடும். இங்கோ, அறுந்தால் மக்னீற்றோ நிறுத்தப்படாது; ஆளியை மூடிவிட்டோமென நம்பிச் சுழலியைத் தொடுபவர்மீது அது திடீரெனச் சுழன்று பாயலாம். அதே கம்பி தேய்ந்து கவசத்தைத் தொட்டால், பறக்கும்போதே அந்த மக்னீற்றோ செயலற்றுவிடும்.

மறுபுறத்தில், 1931 இல் முதன்முதற் பறந்த ரைகர் மொத் போன்ற பயிற்சி விமானங்களை நோக்குக. ஆசிரியரும் மாணவரும் பேசுவதற்கு அதில் இருந்தது வெறும் குழாயே. வானொலி வழக்கமாக இல்லை. இன்று அதனைப் பறக்கவிடுவோர் விமான நிலையத்தோடு பேசுவதற்கு வானொலி வைப்பின், அதன் எட்டுப் பிளக் கம்பிகளுக்கும் கவசமிட நேர்கின்றது. பாதுகாப்புக்காகச் செய்யும் இம்மாற்றம், அவ்விமானத்துக்குத் தன் காலத்தில் இல்லாத செவியை அளிக்கின்றது.

ஆகவே, பேணுதல், மாற்றுதல் என்னும் இரண்டினுள் ஒன்றையே எங்கும் கைக்கொள்ளல் பொருந்தாது. காட்சிச்சாலையில் நிற்கும் விமானத்தின் கம்பிகளை, வெடித்த றப்பரோடும் மங்கிய எண்குறிகளோடும், உள்ளவாறே பேணுதல் தகும். பறக்கும் விமானத்தில் உயிரே முதன்மை பெறும். நலிந்த காவலிக்கு அங்கு இடமில்லை. எனினும், கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியின் வழியையும் வரைந்து, நிழற்படம் எடுத்து, புதிதாகச் சேர்த்தவற்றைத் தெளிவாகக் குறித்து, கழற்றியவற்றின் மாதிரிகளையும் சேமித்தல் வேண்டும். ஏட்டைப் பெயர்த்தெழுதும்போது மூலம் எது, தம் சேர்க்கை எது என்று குறித்து வைக்கும் பதிப்பாசிரியரின் நேர்மையே இத்தொழிலுக்கும் உரியது. அந்நேர்மை இருப்பின், விமானமும் பறக்கும்; அதன் வரலாறும் நிலைக்கும்.