தச்சன் கைத் தூரிகை: சி பைஷியும் சீன மை ஓவிய மரபும்

சீன மை ஓவியத்தின் வரலாறு நெடுங்காலமாகக் கற்றோர் குழாத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கவிதை, கையெழுத்துக்கலை, ஓவியம் ஆகிய மூன்றும் ஒரே தூரிகையாற் பயிலப்பட்டமையால், அவை அரச அலுவலராகிய கற்றோரின் உடைமையெனக் கருதப்பட்டன. மிங் காலத்து டொங் சிச்சாங் (1555–1636) கற்றோர் ஓவியத்தை உயர்ந்ததாகவும், தொழில்முறை ஓவியத்தைத் தாழ்ந்ததாகவும் வகுத்து, இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் அளித்தார். கூலிக்கு வரைவது இழிவென்ற இம்மதிப்பீட்டின் அடியில் நிலவுடைமைச் சமுதாயத்தின் வர்க்கப் பிரிவினை கிடந்தமை வெளிப்படை. சி பைஷியின் (1864–1957) வாழ்க்கையை இப்பின்னணியிலேயே நாம் நோக்குதல் வேண்டும்.

ஹூனான் மாகாணத்துச் சியாங்தானில் ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்த அவர், சிறு வயதில் மாடு மேய்த்து, விறகு பொறுக்கி, பின்னர் தச்சுத் தொழிலும் மரச்செதுக்கு வேலையும் பயின்றார். 1679இல் முதற்பகுதி வெளிவந்த 'கடுகுவிதைத் தோட்டம்' என்னும் ஓவியக் கையேடு, இருபது வயதையொட்டிய காலத்தில் அவர் கைக்கு எட்டியது. இரவலாகப் பெற்ற அந்நூலை அவர் படம் படமாகப் பிரதி செய்துகொண்டார். கற்றோரின் மாளிகைகளுள் அடைபட்டிருந்த கலைநுட்பம் அச்சின் வழியே தச்சனின் பட்டறையை அடைந்தமை கருத்திற் கொள்ளத்தக்கது. 1889இலேயே அவர் முறைப்படி ஆசிரியரிடம் கல்வி பெறத் தொடங்கினார்.

ஹூனானில் நிலவிய போரும் கொள்ளையும் அவரை 1917இற் பீக்கிங்குக்குத் துரத்தின. 1919இல் அங்கேயே நிலைகொண்டார். தலைநகரின் சுவைஞர் பலர் அவரது ஓவியத்தை நாட்டுப்புறத்தனமென எள்ளினர். கற்றோர் குடும்பத்தவரான சென் ஷிசெங் அவரது திறனை உணர்ந்து, 1922இல் அவரது ஓவியங்களை ஜப்பானியக் கண்காட்சிக்குக் கொண்டு சென்றார். அவை நல்ல விலைக்கு விற்பனையாயின. அறுபதை அண்மித்த வயதிலும் தம் பாணியை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

அவர் வரைந்த இறால்கள் இப்பயிற்சியின் தன்மையைப் புலப்படுத்துவன. மை ஊறும் தாளில் ஒருமுறை இட்ட கோட்டைத் திருத்த இயலாது. தூரிகையிலுள்ள நீரின் அளவே உடலின் ஒளிபுகு தன்மையைத் தீர்மானிக்கும். உயிருள்ள இறால்களை வளர்த்து நோக்கிய அவர், காலப்போக்கில் ஓவியத்தில் அவற்றின் கால்களைக் குறைத்தார். நீரை அவர் வரையவில்லை; இறாலின் அசைவே நீரை உணர்த்திற்று. தேவையற்றதைச் செதுக்கிக் களையும் தச்சனின் அறிவு இங்கு தொழிற்பட்டதெனல் மிகையாகாது.

அவரது பொருட்தேர்வும் நோக்கத்தக்கது. மலரும் பறவையும் மட்டுமன்றி, கோவாவும் விறகு வாரும் மரவாரியும் அவரது தாளில் இடம்பெற்றன. புகழ்பெற்ற பின்னரும், தச்சரின் ஆதிகுருவாகிய லு பானின் வழிவந்தவரெனத் தம்மைக் குறிக்கும் முத்திரையை அவர் பயன்படுத்தினார்.

எனினும் அவரைப் புரட்சியாளராகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர் விலைப்பட்டியல் தொங்கவிட்டு ஓவியம் விற்றவர். கற்றோர் மரபை மறுக்காமல், அதனைக் கற்று உள்வாங்கியவர். ஆயினும் 1937இன் பின் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் கல்லூரிப் பதவியைத் துறந்தார். அதிகாரிகளுக்கு ஓவியம் விற்பதில்லையென 1940இல் வாயிலில் அறிவித்தார். விலைபேசி விற்பவனுக்கு விற்க மறுக்கும் உரிமையும் உண்டென்பதை அவ்வறிவித்தல் உணர்த்திற்று.

1953இல் அரசு அவருக்கு 'மக்கள் கலைஞர்' என்ற பட்டத்தை வழங்கியது. பட்டம் வருமுன்னரே, கலைஞனையும் கைவினைஞனையும் பிரித்த வேலியை அவரது அன்றாட உழைப்புத் தகர்த்திருந்தது. கைத்தொழிலாளரைக் கலை வரலாற்றின் புறத்தே நிறுத்தும் எழுத்துமுறையை நாம் மீளாய்வு செய்தல் அவசியம் என்பதை அவ்வாழ்வு வற்புறுத்துகின்றது.