மலேரியாவும் மரண வீதமும்: ஓர் ஆய்வு விவாதத்தின் சமூக அடிப்படைகள்

மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வு மருத்துவத் துறைக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. ஒரு நாட்டு மக்கள் ஏன் நீண்ட காலம் வாழத் தொடங்கினர் என்ற வினா உண்மையில் அந்நாட்டின் சமூக வரலாறு பற்றிய வினாவேயாகும். இலங்கையின் மரண வீத வீழ்ச்சி குறித்து 1960களிலும் 1970களிலும் நடைபெற்ற விவாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. தேங்கிய நீரில் மலேரியா நுளம்பு பெருகியது. வழமையாக மலேரியா குறைந்திருந்த, ஆதலால் நோயெதிர்ப்பு வலுப்பெறாதிருந்த கேகாலை, குருநாகல் பகுதி மக்களை அந்நோய் தாக்கிற்று. 1935 வரை நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழையின்மை இயற்கையின் செயல். ஆயின், உலகப் பொருளாதார மந்தத்தினால் தெங்குப் பொருள்களின் விலை வீழ்ந்து, கூலி வேலை குன்றி, ஏற்கெனவே அரைவயிற்றுடன் கிடந்த கிராமத்தவர் அந்நோய்க்கு இரையானமை இயற்கையின் செயலன்று. குடியேற்றவாதப் பொருளாதாரம் ஆக்கி வைத்த பலவீனம் அது.

அக்காலத்தில் நிவாரணப் பணிக்காகக் கிராமங்களுக்குச் சென்றோருள் சூரியமல் இயக்கத்தினர் முக்கியமானவர்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் மருந்தையும் உணவையும் ஒருங்கே வழங்கினர். நோயும் பசியும் பிரிக்க முடியாதவை என்ற உண்மையை அவர்கள் நேரிற் கண்டனர். அவ்வியக்கத்தினர் பலர் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். மறு ஆண்டு கேகாலைப் பகுதியிலுள்ள ருவன்வெல்லைத் தொகுதி பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

இரண்டாம் உலகப் போரின் முடிவையடுத்து வீடுகளில் டி.டி.ரி. தெளிக்கும் திட்டம் நாடு தழுவி விரிந்தது. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த மரண வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சி உலகையே வியக்கச் செய்தது. சமூக அமைப்பில் மாற்றம் எதுவுமின்றி, மலிவான இரசாயனம் ஒன்றினாலேயே வறிய நாட்டு மக்களின் ஆயுளை நீட்டலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். இவ்வாறு பெருகும் சனத்தொகையே வறுமைக்குக் காரணம் என்ற வாதமும் இதனுடன் கைகோத்து வந்தது.

இம்முடிவை ஹரல்ட் பிரெடரிக்சன் மறுத்தார். உணவு நிலையின் சீர்மை, சுகாதார சேவையின் விரிவு ஆகியவற்றை அவர் முன்வைத்தார். எஸ். ஏ. மீகம டி.டி.ரி.க்கு முன்னரே தொடங்கிய மாற்றங்களைச் சுட்டி, மலேரியா ஒழிப்புக்கு மிகையான முக்கியத்துவம் தரப்படுவதை வினாவினார். பீட்டர் நியூமன் மாவட்டந்தோறும் பதிவான மண்ணீரல் வீக்க வீதத்தை அளவுகோலாகக் கொண்டு, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் 42 சதவீதம் மலேரியாக் கட்டுப்பாட்டினால் விளைந்தது எனக் கணித்தார். 1974இல் ரொனால்ட் கிரே அதனை 23 சதவீதமாக மதிப்பிட்டார்.

இரு கணிப்புகளுக்குமிடையே பெரும் வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று தெளிவு. டி.டி.ரி.க்கு மிகக் கூடிய பங்கை அளிக்கும் நியூமனின் கணிப்பின்படியும், வீழ்ச்சியின் பெரும்பகுதிக்கு வேறு காரணிகளைத் தேட வேண்டியுள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, தாய் சேய் நலச் சேவை, போர்க்கால உணவுப் பங்கீடு, 1945இன் இலவசக் கல்வி என்பன அவற்றுட் சில. இவை ஆட்சியாளரின் கருணையால் மட்டும் விளைந்தவையல்ல. 1931இன் சர்வசன வாக்குரிமைக்குப் பின் கிராமத்தவரின் கோரிக்கையை அரசியல்வாதிகள் புறக்கணிக்க இயலாது போயிற்று. டி.டி.ரி.யைக்கூட ஒவ்வொரு குடிசைக்கும் கொண்டு சென்றது இவ்வாறு உருவான பொதுச் சுகாதார அமைப்பே.

அந்த அமைப்புத் தளர்ந்தபோது நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். 1963இல் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்டு, கண்காணிப்பும் தளர்ந்த நிலையில், 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. இரசாயனத்தின் வெற்றி நிலையானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2012இன் பின் உள்நாட்டில் மலேரியாத் தொற்று ஏற்படாமையும், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தமையும் இடையறாத கண்காணிப்பின் பேறாகும்.

இவ்விவாதத்தில் பங்குகொண்ட இரு சாராரும் பெரிதும் நாட்டின் சராசரியையே கருத்திற் கொண்டனர். சராசரி வர்க்க வேறுபாட்டை மறைக்கும் இயல்புடையது. வாக்குரிமை நலச்சேவையைப் பெற்றுத் தந்தது என்றால், வாக்குரிமை பறிக்கப்பட்டோர் நிலை யாது? 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோரை அரசியல் அநாதைகளாக்கின. அவர்களின் உடல்நலம் நீண்ட காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1970களில் தோட்டப்புறச் சிசு மரண வீதம் தேசிய சராசரியை விட மிக உயர்ந்திருந்தது. 1974இன் உணவு நெருக்கடியில் நாட்டின் மரண வீதம் மீண்டும் ஏறியபோது, அதன் சுமையைக் கூடுதலாகத் தாங்கியவர்கள் பயிரிட ஒரு துண்டு நிலமுமற்ற இத்தொழிலாளரே.

1980களில், குறைந்த செலவில் நிறைந்த சுகாதாரம் கண்ட நாடுகளுள் ஒன்றாக இலங்கை சர்வதேச அரங்குகளிற் போற்றப்பட்டது. அப்புகழுரை பொய்யன்று, ஆயினும் அது முழு உண்மையுமன்று. அக்குறைந்த செலவின் ஒரு பகுதியைத் தேயிலைத் தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோர் தம் குழந்தைகளின் உயிரால் ஈடுசெய்தனர். எனவே, நலவாழ்வு பற்றிய ஆய்வில் ஈடுபடுவோர் எத்தனை பேர் பிழைத்தனர் என்பதோடு அமையாது, யார் பிழைத்தனர், யார் பிழைக்கவில்லை என்பதையும் கேட்டல் வேண்டும். அவ்வினாவே புள்ளிவிவரத்தை வரலாறாக்குகிறது.